மயிரிழைக் கோடு

எழுத்துக்குப் பால் உண்டு என்கின்றன பாட்டியல் நூல்கள். குறில் ஆண், நெடில் பெண், ஒற்றும் ஆய்தமும் பேடு. அதோடு நிற்கவில்லை, எழுத்துகளுக்கு வருணமும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டுடைத் தலைவனின் பெயருக்கும் பாட்டின் முதல் எழுத்துக்கும் பொருத்தம் பார்க்க இந்த ஏற்பாடு. கல்யாணத்துக்குப் பார்ப்பது மாதிரியே அங்கும் பத்துப் பொருத்தம். வகுப்பில் இதை நடத்தினால் மாணவிகள் சிரிப்பார்கள். "நெடில் ஏன் மேம் பெண்?" என்று ஒருத்தி கேட்டபோது, "நாமதான் இழுத்து இழுத்துப் பேசுவோம்ல" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. எந்த உரையாசிரியருக்கும் தோன்றியிருக்காது.

ஆனால் அதே மாணவிகள் மகளிர் தின விழாவுக்கு அழைப்பிதழ் தயாரிக்கும்போது, "லேடீஸ் ஃபங்ஷன் மேம், மெல்லிசா ஸ்டைலா ஒரு ஃபான்ட் போடலாம்" என்கிறார்கள். விளையாட்டு விழாவுக்கு அப்படிக் கேட்பதில்லை. அதற்குத் தடித்த எழுத்துதான். பாட்டியலைப் பார்த்துச் சிரித்தவர்களின் கைப்பேசியில் ஒரு புதிய பாட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒலிக்குப் பால் பிரித்தது போய், கோட்டின் தடிப்புக்குப் பால் பிரிக்கிறோம்.

எந்த எழுத்தைச் சொல்கிறேன் என்று பார்த்தவுடன் தெரியும். ஆங்கிலத்தில் நிற்கும் கோடு தூண் மாதிரி பருத்திருக்கும், அதை அடுத்த தூணோடு சேர்க்கும் கோடு மயிரிழையாக இருக்கும். எழுத்தின் காலடியில் இருக்கும் சிறு குறுக்குக்கோடும், அதைத்தான் செரிஃப் என்கிறார்கள், அதே மயிரிழை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் போதோனி, பிரான்சில் டீடோ குடும்பம் என்று இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த வடிவம் முற்றியது. இன்றைக்கு அதைப் பார்க்க பாரீஸ் போக வேண்டாம். 'வோக்' இதழின் பெயர், 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழின் பெயர், லிப்ஸ்டிக் பெட்டி, சென்ட் பாட்டில், பட்டுப்புடவைக் கடையின் கைப்பை. எங்கள் மணவாள நகரில் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தால் இரண்டு பியூட்டி பார்லர் பலகைகளில் இந்த எழுத்து இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் வெல்டிங் பட்டறைப் பலகையில் இல்லை.

இந்த எழுத்து பிறந்தபோது பெண்களுக்காகப் பிறக்கவில்லை. போதோனி 1768 முதல் பர்மா கோமகனின் அச்சகத்தை நடத்தியவர். அவர் அச்சிட்டது பிரபுக்களின் நூலகங்களுக்கான பெரிய பெரிய நூல்களை. அது அரண்மனையின் எழுத்து. ஃபேஷன் இதழ்களும் அழகுசாதன விளம்பரங்களும் அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் அதற்குப் பெண்மை வந்து ஒட்டியது. ஆக, பால் எழுத்தில் இல்லை. யாரிடம் எதை விற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பில்லை, உங்களில் பலர் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். என்னை உறுத்துவது வேறொன்று.

அதைச் சொல்ல ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள். பட்டச் சான்றிதழ் வாங்க வந்தபோது துறைக்கு வந்திருந்தாள். என்ன வேலைம்மா என்றேன். செக்கிங் மேம் என்றாள். அழகுசாதனப் பொருள்களுக்கான பெட்டிகள். தாள் தாளாக அச்சாகி வரும், ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். "பேர் எழுதியிருக்குற இடத்துல மெல்லிசு கோடு இருக்கும். அது கட் ஆயிருந்தா ரிஜெக்ட். தடிச்ச கோடு ஒண்ணும் ஆகாது மேம். போனா இந்த மெல்லிசுதான் போகும்." அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன். பிரெஞ்சாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் சொன்ன பதிலை அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். "படிக்க மாட்டேன் மேம், பார்ப்பேன். படிச்சா கோடு தெரியாது."

அச்செழுத்தைப் பற்றி 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மிகப் புகழ்பெற்ற கட்டுரையின் கருத்தும் இதுவே, மறுபக்கத்திலிருந்து. பியாட்ரிஸ் வார்ட் என்ற அமெரிக்கப் பெண் 1930இல் லண்டனில் ஓர் உரை நிகழ்த்தினார். 'பளிங்குக் கோப்பை' என்று பெயர் பெற்றுவிட்ட உரை அது. நல்ல மதுவைத் தங்கக் கிண்ணத்தில் குடிப்பீர்களா, மெல்லிய பளிங்குக் கோப்பையில் குடிப்பீர்களா என்று கேட்கிறார். மதுவின் நிறத்தைப் பார்க்க விரும்புகிறவர் பளிங்கைத்தான் எடுப்பார். அச்சும் அப்படி இருக்க வேண்டும், சொல் தெரிய வேண்டும், எழுத்து கண்ணில் படக் கூடாது. நல்ல எழுத்து தன்னை மறைத்துக்கொள்ளும் எழுத்து.

இதைச் சொன்ன பெண் அதற்கு முன் தன்னையே மறைத்துக்கொண்டவர். கரமோன் என்பவருடையவை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த சில எழுத்துகள் உண்மையில் ஜான்னோன் என்ற வேறொருவர் வெட்டியவை என்று 1926இல் நிறுவினார். அச்சுலகையே உலுக்கிய அந்த ஆய்வை 'பால் போஜோன்' என்ற ஆண் பெயரில் வெளியிட்டார். பெண்ணுக்கு அச்சைப் பற்றி என்ன தெரியும் என்ற காலம். மோனோடைப் நிறுவனம் அந்த போஜோனுக்குத் தன் இதழின் ஆசிரியர் வேலையைக் கொடுக்க முன்வந்தது. வந்து நின்றவர் ஒரு பெண். திகைத்துப் போனார்கள், ஆனாலும் வேலையைக் கொடுத்தார்கள்.

பளிங்குக் கோப்பை உரையை முதுகலை மாணவிகளோடு பேசும்போது எனக்கு அந்த மேசை கண்ணுக்குத் தெரிகிறது. மது இருக்கிறது, கோப்பை இருக்கிறது, குடிக்கிறவர் இருக்கிறார். கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்தவர் இல்லை. எந்தக் கண்ணாடியும் தானாகத் தெளிவாக இருப்பதில்லை. நமக்குத் தெரியும், நாம்தான் துடைக்கிறோம். வாசகர் எழுத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் படிக்க வேண்டுமானால், சொல்லைப் படிக்காமல் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருத்தி எங்கோ நிற்க வேண்டியிருக்கிறது. தமிழ் இலக்கியம் படித்தவளுக்குப் படிக்காமல் இருப்பதற்குச் சம்பளம்.

வார்ட் வேலை பார்த்த அதே மோனோடைப்பில், இங்கிலாந்தின் சால்ஃபோர்ட்ஸ் ஆலையில், எழுத்து வரையும் கூடம் ஒன்று இருந்தது. அங்கே வரைந்தவர்களில் பெரும்பாலானோர் இளம்பெண்கள். ஓர் எழுத்தைப் பத்து அங்குல உயரத்துக்குப் பெரிதாக்கி, பென்சிலால் வளைவு வளைவாகத் திருத்தி வரைய வேண்டும். அந்த வரைபடத்திலிருந்து அச்சு, அச்சிலிருந்து இயந்திரத்தின் வெட்டு, அதிலிருந்து ஈய எழுத்து. இந்திய மொழிகளுக்கான எழுத்துகளும் அங்கே உருவாயின, தமிழும் உண்டு. எழுத்துருவுக்குப் பெயர் வைக்கும்போது ஆண் வடிவமைப்பாளரின் பெயர் வந்தது. வரைந்த பெண்கள் 'கூடம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விட்டார்கள். அண்மை ஆண்டுகளில்தான் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஃபியோனா ராஸ் தலைமையில் 'விமன் இன் டைப்' என்ற ஆய்வுத்திட்டம் இந்தப் பெண்களின் பெயர்களையும் படங்களையும் தேடி எடுத்தது. அப்படி வெளிச்சத்துக்கு வந்தவர்களில் ஒருவர் பட்ரீஷியா சாண்டர்ஸ். 1982இல் 'ஏரியல்' எழுத்துருவை ராபின் நிகோலஸோடு சேர்ந்து உருவாக்கியவர். நீங்கள் நிரப்பிய எத்தனை விண்ணப்பங்கள் ஏரியலில் இருந்திருக்கும், எண்ணிப் பாருங்கள்.

மயிரிழை எழுத்தின் வரலாற்றுக்குள்ளேயே இந்தக் கதை இருக்கிறது. போதோனி 1813இல் இறந்தார். அவர் வாழ்நாளெல்லாம் வெட்டிய எழுத்துகளின் முழுத் தொகுப்பு, அவர் பெயரை இன்றுவரை நிறுத்தியிருக்கும் 'மனுவாலே திபோகிராஃபிகோ', 1818இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. கொண்டுவந்தவர் அவர் மனைவி மார்கரித்தா. ஐந்து ஆண்டுகள் அச்சகத்தைக் கலைக்காமல் நடத்தி, பக்கம் பக்கமாக முடித்தார். அந்த நூல் வராமல் போயிருந்தால் 'போதோனி' என்ற சொல் நம் கணினிப் பட்டியலில் இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அவருக்கு முன்னால் இங்கிலாந்தில் பாஸ்கர்வில். எழுத்தில் தடிப்புக்கும் மெலிவுக்கும் இடையே வேறுபாட்டைக் கூட்டி, போதோனிக்கு வழி திறந்தவர். மெல்லிய கோடு தாளில் விழ வேண்டுமே, அதற்காகத் தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து வழவழப்பாக்கினார், மையைக் கருக்கினார். இந்தக் கோடுகள் நாட்டு வாசகர்களையெல்லாம் குருடாக்கிவிடும் என்று ஒரு கனவான் சொன்னார். பெஞ்சமின் பிராங்ளின் அவருக்கு ஒரு மாதிரித் தாளைக் காட்டினார். மேலே இருந்த பெயரைக் கிழித்துவிட்டு, இது பாஸ்கர்வில்லுடையது என்றார். அவர் உடனே குறைகளை வரிசையாகச் சொல்லி, கண் வலிக்கிறது என்றார். அது கேஸ்லனுடைய பழைய எழுத்து, அவர் தினமும் படித்துவந்தது. 1760இல் பாஸ்கர்வில்லுக்கே பிராங்ளின் எழுதிய கடிதத்தில் இந்தக் கதை இருக்கிறது. அழகு, அசிங்கம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு நம் கண், எவ்வளவு நாம் கேட்ட பெயர்? பெண்ணின் பெயரை மறைத்துவிட்டுக் கவிதையைக் கொடுத்துப் பாருங்கள், பிராங்ளினின் விளையாட்டை நாமும் ஆடலாம்.

பாஸ்கர்வில் வீட்டில் சாரா ஈவ்ஸ் இருந்தார். கணவன் விட்டுப்போன பிறகு குழந்தைகளோடு வீட்டு வேலைக்கு வந்தவர். அச்சு வேலையும் கற்றுக்கொண்டு செய்தார். முதல் கணவன் இறந்த பிறகு 1764இல் பாஸ்கர்வில்லை மணந்தார். அதுவரை ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. 1775இல் பாஸ்கர்வில் இறந்ததும் எழுத்து வார்க்கும் தொழிலைத் தொடர்ந்து, பிறகு அவற்றை பிரான்சுக்கு விற்றவரும் அவரே. 1996இல் ஜுஜானா லிச்கோ என்ற பெண் பாஸ்கர்வில் எழுத்தை மறுபடி வரைந்து, அதற்கு 'மிஸஸ் ஈவ்ஸ்' என்று பெயர் வைத்தார். இதில் எனக்குப் பிடித்த செய்தி பெயரைவிட இன்னொன்று: அந்தக் கனவானின் குறையை லிச்கோ பொருட்படுத்தினார். வேறுபாட்டைக் குறைத்தார், மெல்லிய கோட்டுக்குக் கொஞ்சம் சதை வைத்தார். அதே ஆண்டு போதோனியையும் மறுபடி வரைந்து, 'ஃபிலோசோஃபியா' என்று பெயரிட்டார்.

இதையெல்லாம் வைத்து, மெல்லிய எழுத்தை வெறுக்க வேண்டும் என்று நான் வரவில்லை. எனக்கு அது பிடிக்கும். போதோனியில் அச்சான ஒரு பெரிய தலைப்பெழுத்தைப் பார்த்தால், கோலத்தில் கை தயங்காமல் இழுத்த கோட்டைப் பார்த்த மகிழ்ச்சி வருகிறது. அழகை மறுப்பதுதான் பெண்ணியம் என்று யாரோ கிளப்பிவிட்டதை நான் ஒரு நாளும் ஏற்றதில்லை. பளிங்குக் கோப்பையாக இரு, இல்லையென்றால் தங்கக் கிண்ணமாக இரு. கண்ணில் படாமல் உழை, இல்லையென்றால் கண்ணுக்கு விருந்தாக இரு. இந்த இரண்டைத் தவிர எழுத்துக்கு வேறு நிலை கிடையாதா? இந்த இரண்டும் நமக்குச் சொல்லப்பட்டவை மாதிரியே இருக்கின்றனவே.

கோட்டையே பார்ப்போம். ஆங்கில 'எம்' எழுத்தை போதோனியில் எடுத்து, மயிரிழைகளை அழித்துவிடுங்கள். மூன்று கம்பங்கள் நிற்கும், வேலி மாதிரி. அது 'எம்' இல்லை, எதுவும் இல்லை. கம்பங்கள் எல்லா எழுத்திலும் ஒரே கம்பங்கள். எழுத்தை எழுத்தாக்குவது அவற்றைச் சேர்க்கிற அந்த இழை. கண் முதலில் கம்பத்தைப் பார்க்கிறது, ஆனால் படிப்பது இழையால். அதை 'அலங்காரம்' என்று சொல்வது தப்பான விவரிப்பு.

அந்த இழை மெல்லியதாக இருப்பதும் இயல்பால் வருவதில்லை. 1990களின் தொடக்கத்தில் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழ் புதுப்பிக்கப்பட்டபோது ஜானதன் ஹோஃப்லர் அதற்காக டீடோ எழுத்தைப் புதிதாக வரைந்தார். ஏழு அளவுகளுக்கு ஏழு தனித்தனி வரைவுகள். ஒரே வரைவைப் பெரிதாக்கினால் மெல்லிய கோடும் பருத்துவிடும், சிறிதாக்கினால் மறைந்துவிடும். எல்லா அளவிலும் அது மயிரிழையாகவே தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு அளவுக்கும் மறுபடி வேலை செய்ய வேண்டும். பெண்ணின் மென்மை என்று நமக்குக் காட்டப்படுவதும் இப்படித்தான் தயாராகிறது. ஒவ்வொரு அளவுக்கும், ஒவ்வொரு விருந்தாளிக்கும், ஒவ்வொரு முறையும் மறுபடி. பிறகு அதையே பிறவிக் குணம் என்கிறார்கள்.

என் முதல் கவிதைத் தொகுப்பின் அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "கவிதை பெண்ணோடது, அதனால மெல்லிசா ஒரு எழுத்து" என்று வெளிர் ரோஜா நிறத்தின் மேல் வெள்ளையில் இழை இழையாகப் போட்டு அனுப்பினார்கள். உள்ளே இருந்தவை சாவு வீட்டைப் பற்றிய கவிதைகள். புத்தகக் காட்சியில் மூன்றடி தள்ளி நின்றால் தலைப்பு தெரியவில்லை, என் பெயரும் தெரியவில்லை. அதே அலமாரியில், அதே பதிப்பகத்தில், என் வயதுக் கவிஞர் ஒருவரின் பெயர் அட்டையின் பாதியை அடைத்துக்கொண்டு கருப்பாக நின்றது. அவருடையவை காதல் கவிதைகள்.

தமிழ் எழுத்துக்கு இந்தத் தடிப்பும் மெலிவும் பிறவியிலேயே வந்தவையல்ல. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு ஒரே கனம். ஓலை கிழியும் என்று புள்ளியைக்கூட விட்டுவிட்டார்கள், படிக்கிறவர்தான் புள்ளியைப் போட்டுக்கொள்ள வேண்டும். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானதிலிருந்து உலோகத்தின் வழக்கங்கள் மெல்ல மெல்ல எழுத்துக்குள் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் உருவாக்கிய சிறிய எழுத்துகளில் அச்சான 1862ஆம் ஆண்டின் வின்ஸ்லோ அகராதியை முனைவர் பட்ட ஆய்வுக்காக நாள்கணக்கில் புரட்டியிருக்கிறேன். அவ்வளவு சிறிய அளவில் தடித்ததும் மெலிந்ததுமாக எழுத்து ஓடுவது கண்ணுக்கு இதம். தலைப்புப் பக்கத்தில் தொகுத்தவர் பெயர் உண்டு, அச்சிட்டவர் பெயர் உண்டு. அத்தனை ஆயிரம் சொற்களையும் கையால் கோர்த்தவர்களின் பெயர் இல்லை.

நம் எழுத்தில் இடர் வேறு இடத்திலும் வருகிறது. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. கோடு பருத்தால் சுழி அடைத்துக்கொள்ளும், மெலிந்தால் சுழி உடையும். இரண்டிலும் 'மணம்' 'மனம்' ஆகிவிடும். மட்டமான தாளில், மங்கிய விளக்கில், வெள்ளெழுத்து விழுந்த கண்ணுக்கு இது விளையாட்டில்லை. அம்மாவின் மாத்திரை அட்டையையும் ரேஷன் கடை அறிவிப்பையும் படித்துச் சொல்வது வீட்டில் யார் வேலை என்று உங்களுக்கே தெரியும். எனவே தமிழில் எழுத்து வரைகிறவர்களுக்கு அழகுணர்வோடு கூடவே ஒரு பொறுப்பும் இருக்கிறது. அதைப் பெண்கள் ஏற்றிருக்கிறார்கள். பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரன்' எழுத்துருவில் கோடுகள் ஏறக்குறைய ஒரே கனம், கைப்பேசித் திரையில் சுழி சுழியாகத் தெரிகிறது. இழையும் தடிப்பும் வேண்டுமென்றால் 'டிரோ தமிழ்' இருக்கிறது, ஃபெர்னாண்டோ மெல்லோவோடு அதே ஃபியோனா ராஸும் அதில் உழைத்திருக்கிறார். இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. மகளிர் தின அழைப்பிதழுக்கு எதை எடுப்பது என்பதை மாணவிகளே முடிவு செய்யட்டும், நான் தலையிடுவதில்லை. சுழியை எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

பெயரைப் பற்றி ஒன்று பாக்கி. நூலில் அச்சிட்டவர் பெயரும் பதிப்பித்தவர் பெயரும் இருக்க வேண்டும் என்று இந்தியாவில் 1867இலேயே சட்டம் போட்டார்கள். மரியாதை செய்யப் போட்ட சட்டமில்லை, வழக்கு வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும். 'குடிஅரசு' இதழில் 1933இல் வந்த தலையங்கத்துக்காகப் பெரியாரோடு, பதிப்பாளர் என்ற முறையில் அவர் தங்கை கண்ணம்மாளும் தண்டிக்கப்பட்டார். கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தில் இருந்த ஒரு பெண்ணின் பெயரை அரசாங்கம் தவறாமல் படித்திருக்கிறது. 1935 சனவரியில் அதே இதழ்தான் சீர்திருத்த எழுத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. துதிக்கை போட்ட 'லை', 'னை' போன்ற தனி உருவங்களை விட்டதில் அச்சுக்கோர்ப்பவரின் கைக்கும் கற்பவரின் கண்ணுக்கும் சுமை குறைந்தது. அரசாணை வர 1978 ஆயிற்று. பழைய உருவங்கள் அழகாகத்தான் இருந்தன. அவற்றின் அழகுக்காக யார் எத்தனை அறைகளில் கைவிட்டுத் துழாவினார்கள் என்ற கேள்வியும் இருந்தது.

பொறுப்பு விழும் இடத்தில் பெண்ணின் பெயர் இருக்கிறது, செய்த வேலைக்கு என்று வரும்போது இல்லை. இந்தத் தொகுப்பின் பதிப்பாளரிடம் இதைப் பேசினேன். பக்கங்களை வடிவமைத்தவர், மெய்ப்புப் பார்த்தவர், எழுத்துருவை உருவாக்கியவர், அச்சகத்தில் தாளைச் சரிபார்த்தவர் என்று எல்லோர் பெயரையும் போட முடியுமா என்று கேட்டேன். போடலாம் என்றார். அச்சகத்தில் தாள் பார்ப்பவர்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுவார்களே, யார் பெயரைப் போடுவது என்று அவரே திருப்பிக் கேட்டார். அன்றைக்கு நிற்கிற எல்லோருடையதையும் என்றேன். வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பட்டியல் இன்னும் வரவில்லை.